முப்புரிக் கயிறும் ஒரு ஜோடி கையுறையும்

கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டிக் கொல்லங்கோடு பக்கம் போனால், மாநிலம் மாறிவிட்டதைப் பெயர்ப் பலகைகள்தான் சொல்லும். காதுக்கு எதுவும் மாறாது. டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் தமிழில் தொடங்கிய வாக்கியத்தை மலையாளத்தில் முடிப்பார். இரண்டுமே அவருடைய மொழி. தெற்கே ஆனைமலையும் நெல்லியாம்பதியும் நீலச் சுவராக நிற்க, சாலையை ஒட்டி முதலமடையின் மாந்தோப்புகள் தொடங்கும். மற்ற ஊர்களில் மா பூத்துக்கொண்டிருக்கும்போதே இங்கே காய் இறக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த நாட்களில் சாலை முழுக்க லாரிகள்தான். மாங்காய் ஏற்றிய லாரிகளுக்கு நடுவே ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றியவையும் போகும். வளைவில் லாரி சாயும்போது ஒரு கைப்பிடி மணல் கீழே சிந்தும். அது யார் கணக்கிலும் வராது.

அப்படிச் சிந்திய மணலில்தான் நான் விழுந்தேன். வேகம் நாற்பதைத் தாண்டியிருக்காது. முன் டயர் வழுக்கியது தெரிந்தது. அடுத்ததாக நினைவில் இருப்பது தார்ச்சாலையின் சூடு. நடுவே என்ன நடந்தது என்பதை என் மூளை பதிவு செய்யவில்லை, கையுறை பதிவு செய்திருந்தது. இடது கையுறையின் உள்ளங்கையில், சுண்டுவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டை ஒட்டிய மேட்டில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தேய்ந்துபோயிருந்தது. தையல் பிரிந்து இரண்டு விரல் நீளத்துக்கு வாய் திறந்திருந்தது. தோல் கிழியவில்லை, தையல்தான் விட்டது. இதைக் கவனித்த பிறகுதான் கையுறைகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

விழும்போது கை முன்னால் போவது நம் முடிவு இல்லை. ஆறிலிருந்து ஒன்பது மாதக் குழந்தையை இடுப்பில் பிடித்துத் தலைகீழாகச் சட்டென்று இறக்கினால், அது இரண்டு கைகளையும் விரித்து முன்னால் நீட்டும். குழந்தை மருத்துவர்கள் இதைப் பாராசூட் அனிச்சை என்பார்கள். நடக்கத் தெரிவதற்கு முன்பே விழத் தெரிந்துகொள்கிறது குழந்தை. அந்த அனிச்சை சாகும்வரை நம்மோடு இருக்கும். வண்டியில் இருந்து விழுபவர் 'கையை மடக்கி உருள வேண்டும்' என்று எத்தனை முறை படித்திருந்தாலும் கை முன்னால்தான் போகும். தலைக்கு ஹெல்மெட் சட்டமாகிவிட்டது; அதில் பேச ஒன்றுமில்லை. கைக்கு இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஆனால் தரையை முதலில் தொடுவது பெரும்பாலும் கைதான்.

ஒரு கையில் 27 எலும்புகள். அவற்றில் எட்டு, கூழாங்கற்களை இரண்டு வரிசையாக அடுக்கியதுபோல மணிக்கட்டில் இருக்கின்றன. முன்கையை ஒட்டிய வரிசையில் கட்டைவிரல் பக்கமாக இருப்பது ஸ்கேபாய்டு, படகு வடிவ எலும்பு. கட்டைவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு சின்னக் குழி விழும். பொடி போடும் பெரியவர்கள் மூக்குப்பொடியைக் கொட்டிக்கொள்ளும் குழி அது. மருத்துவ நூல்களிலும் அதற்குப் பெயர் மூக்குப்பொடிப் பெட்டிதான். விழுந்த பிறகு அந்தக் குழியில் அழுத்தினால் வலித்தால் ஸ்கேபாய்டு முறிவைச் சந்தேகிக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், முதல் நாள் எக்ஸ்ரேயில் அந்த முறிவு தெரியாமல் போகலாம். வீக்கம் என்று நினைத்து விட்டுவிடுவோம். அந்த எலும்புக்கு ரத்தம் போகும் வழியும் விசித்திரமானது. பெரும்பகுதி ரத்தம் விரல்பக்க முனையில் நுழைந்து மணிக்கட்டை நோக்கிப் பின்னால் வருகிறது. நடுவில் முறிந்தால் பின்பாதிக்குத் தண்ணீர் நின்றுபோன வாய்க்காலின் கடைமடை நிலைதான். அதனால்தான் இந்த முறிவு ஒட்ட மாதக்கணக்காகிறது, சில நேரம் ஒட்டாமலே போகிறது.

நல்ல கையுறைகளின் உள்ளங்கை அடிப்பகுதியில் வழவழப்பான கடின பிளாஸ்டிக் துண்டு ஒன்று வைத்திருப்பதைப் பார்த்திருக்கலாம். அலங்காரம்போலத் தெரியும். உள்ளங்கை தார்ச்சாலையில் பற்றிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டால், பின்னால் வரும் உடம்பின் எடை முழுவதும் மணிக்கட்டை மடக்கும். அந்தத் துண்டு கையைச் சறுக்கவிடுகிறது. சறுக்கினால் முறியாது என்று உறுதி சொல்ல முடியாது. முறிப்பதற்கான விசை குறைகிறது, அவ்வளவுதான்.

சறுக்குவதற்கும் ஒரு விலை உண்டு, தேய்மானம். இதைப் பள்ளிக்கூடக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 11 மீட்டர். உடைக்கும் தார்ச்சாலைக்கும் இடையே உராய்வெண் 0.65 என்று வைத்துக்கொண்டால், விழுந்தவர் நிற்பதற்குள் ஏறத்தாழ 10 மீட்டர் சறுக்குவார். இரண்டு விநாடிக்குச் சற்றுக் குறைவு. வேகம் 60 ஆனால் தூரம் 22 மீட்டர், நேரம் இரண்டரை விநாடி. வேகம் ஒன்றரை மடங்கானால் தூரம் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறுகிறது, வர்க்கக் கணக்கு. நிஜத்தில் யாரும் இப்படி நேர்க்கோட்டில் சறுக்குவதில்லை, உருளுவார்கள், எதிலாவது முட்டுவார்கள். ஆனாலும் அளவு புரிகிறது. உடம்பின் எடையில் பத்து கிலோ மட்டும் ஒரு கையின் மேல் இருந்தால், அந்த 10 மீட்டரில் உராய்வு செய்யும் வேலை 600 ஜூலுக்கு மேல். அறுபது கிலோ ஆளை ஒரு மீட்டர் தூக்குகிற வேலை அது. அத்தனையும் வெப்பமாகவும் தேய்மானமாகவும், ரூபாய் நாணயம் அளவுள்ள ஓர் இடத்தில் இரண்டு விநாடிக்குள் தீர்கிறது.

இங்கேதான் தோல், துணியிலிருந்து விலகி நிற்கிறது. நைலானும் பாலியெஸ்டரும் 250 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும். உருகிய பிளாஸ்டிக், காயத்தில் ஒட்டிக்கொள்ளும். தோல் உருகாது, கருகும். கருகிய அடுக்கு உதிர்ந்தால் அடியில் இன்னோர் அடுக்கு இருக்கும். அந்த அடுக்குகள் எதனால் ஆனவை என்பதைக் கண்டுபிடித்த கதை கிண்டியில் நடந்தது. அதை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனமில்லை.

ஜி. என். ராமச்சந்திரன் 1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். முப்பது வயதில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்க வந்தார். துறைக்கு ஓர் ஆய்வுச் சிக்கல் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே. டி. பெர்னல் சென்னைக்கு வந்தார். கொலாஜன் என்கிற புரதத்தின் வடிவம் இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் அவர் சொன்னது ராமச்சந்திரனுக்குத் தூண்டுகோலானது. தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் இழுத்துக் கட்டி வைத்திருக்கிற புரதம் கொலாஜன். ஆய்வுக்கு நல்ல மாதிரி வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே 1948-இல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. அங்கே கிடைத்தது கங்காரு வாலின் தசைநாண். கொலாஜன் இழைகள் ஒழுங்காக ஒரே திசையில் அடுக்கப்பட்ட பொருள் அது. அதன் எக்ஸ்-கதிர்ப் படங்களை வைத்து ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் 'நேச்சர்' இதழில் ஒரு வடிவத்தை முன்வைத்தார்கள். கொலாஜன் மூன்று சங்கிலிகள் சேர்ந்தது என்றார்கள். அடுத்த ஆண்டு அந்த மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருக்கின்றன என்று திருத்தினார்கள்.

முப்புரிக் கயிறு. பொள்ளாச்சிப் பக்கத்தில் கயிறு திரிக்கும் களத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. தேங்காய் நாரை ஒரு பக்கமாக முறுக்கிப் புரியாக்குவார்கள். மூன்று புரியையும் சேர்த்து எதிர்ப் பக்கமாக முறுக்குவார்கள். புரி தன் முறுக்கை அவிழ்க்கப் பார்த்தால் கயிறு இன்னும் இறுகும். கொலாஜனிலும் இதே வித்தைதான். ஒவ்வொரு சங்கிலியும் தனக்குள் இடப்பக்கமாகச் சுழல்கிறது. மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாகச் சுற்றிக்கொள்கின்றன. நடுவில் இடம் மிகக் குறைவு என்பதால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்கிற மிகச் சிறிய அமினோ அமிலம்தான் உட்கார முடியும். பெரியது ஒன்று அங்கே வந்தால் கயிறு புடைத்துவிடும். இந்த முப்புரிகள் சேர்ந்து நுண்ணிழை, நுண்ணிழைகள் சேர்ந்து இழை, இழைகள் சேர்ந்து கட்டு. மாட்டின் தோலில் இந்தக் கட்டுகள் மேலும் கீழுமாக, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கிடக்கின்றன. நெய்த துணியில் ஒரு நூல் அறுந்தால் கிழிசல் நேராக ஓடும். பின்னலில் ஓட முடியாது, ஒவ்வோர் அங்குலத்திலும் வழி மாற வேண்டும்.

பந்தய ஓட்டுநர்களின் விலையுயர்ந்த கையுறைகளில் உள்ளங்கைக்குக் கங்காரு தோலைப் போடுகிறார்கள். கங்காருவின் தோலில் இழைகள் பெரும்பாலும் மேற்பரப்புக்கு இணையாகவே ஓடுகின்றன. அதனால் மெல்லியதாகச் சீவினாலும் வலு போவதில்லை. மாட்டுத்தோலை அதே அளவுக்குச் சீவினால் குறுக்கே ஓடும் இழைகள் அறுபட்டுப் பலவீனமாகிவிடும். கிண்டி ஆய்வுக்கூடத்துக்கு வாலையும் பந்தயத் திடலுக்குத் தோலையும் கங்காருவே கொடுத்திருக்கிறது. காரணமும் ஒன்றுதான்: இழைகளின் ஒழுங்கு.

நமக்குக் கங்காரு வேண்டாம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களும் திண்டுக்கல்லும் ஈரோடும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் பதனிட்டு வருகின்றன. ஆட்டில் செம்மறியும் வெள்ளாடும் ஒன்றல்ல. செம்மறித் தோல் பஞ்சுபோல் மென்மையாக இருக்கும். கடையில் கையை நுழைத்ததும் ஆளை மயக்கிவிடும். ஆனால் அதன் மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் நடுவே கொழுப்பு அதிகம். பதனிடும்போது கொழுப்பு போனதும் அந்த இடம் வெற்றிடமாகி, இரண்டு அடுக்கும் தளர்ந்துவிடும். வெள்ளாட்டுத் தோல் மெல்லியதாக இருந்தாலும் இறுக்கமானது. விரல் மடங்கும் இடங்களில் சுருக்கம் விழாமல் வளையும். மாட்டுத்தோலுக்கு ஆயுள் அதிகம், ஆனால் பழகுவதற்கு மாதங்கள் ஆகும். என் கணிப்பில், பாலக்காட்டு வெயிலில் தினமும் ஓட்டுகிறவருக்கு வெள்ளாட்டுத்தோலில் செய்து, உள்ளங்கையில் இன்னோர் அடுக்கு போட்ட கையுறைதான் சரி.

'பச்சைத் தோல் அழுகும், பதனிட்ட தோல் அழுகாது' என்பதைத் தாண்டி இன்னொரு வித்தியாசம் இருக்கிறது. ஈரத்தில் நனைத்துச் சூடாக்கினால், பச்சைத் தோல் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் திடீரென்று சுருங்கிக் கையளவாகிவிடும். முப்புரி அவிழ்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்ட தொட்டியில் ஊறவைத்த தோல் 80 டிகிரிவாக்கில் தாக்குப்பிடிக்கும். தென்னிந்தியாவின் பழைய தோல்ஷாப்புகள் இப்படிப் பதனிட்ட பொன்னிறத் தோலைத்தான் கப்பல் கப்பலாக லண்டனுக்கு அனுப்பின. குரோமிய உப்பில் பதனிட்ட தோல் கொதிநீரிலும் சுருங்காது. குரோமிய அயனி, கொலாஜனின் பக்கச் சங்கிலிகளில் இருக்கும் அமிலக் கைகளைப் பிடித்து ஒன்றோடொன்று பூட்டிவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் இந்த முறையைச் சோதித்துப் பார்த்தார். 1912-இல் சேம்பர்ஸ் என்கிற ஆங்கிலேயர் பல்லாவரத்தை ஒட்டிக் குரோம் தோல் தொழிற்சாலை தொடங்கினார். அந்தத் தொழிற்சாலையின் நினைவாகத்தான் அங்கே ஒரு புறநகரே குரோம்பேட்டை என்று பெயர் வாங்கியிருக்கிறது. தினமும் மின்சார ரயிலில் அந்தப் பெயரைக் கேட்பவர்களில் எத்தனை பேர் அது ஓர் உலோகத்தின் பெயர் என்று நினைத்துப் பார்ப்பார்கள்!

இன்று கையுறைத் தோலில் பெரும்பகுதி குரோமியத்தில் பதனிட்டதுதான். மெல்லியதாக, மென்மையாக, வியர்வையிலும் மழையிலும் பாழாகாமல் இருக்க வேண்டுமென்றால் அது கை கொடுக்கிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. பதனிடப் பயன்படுவது மூன்று மின்சுமை கொண்ட குரோமியம். அதனால் கைக்குப் பெரிய தொந்தரவு இல்லை. ஆறு மின்சுமை கொண்ட குரோமியம் வேறு பிறவி. தோலில் ஒவ்வாமை உண்டாக்கும், நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரை இட்டுச்செல்லும். ராணிப்பேட்டையில் குரோமேட் தயாரித்த ஓர் ஆலை 1995-இல் மூடப்பட்ட பிறகும், அது விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவிலிருந்து மழைதோறும் மஞ்சள் நீர் வடிந்தது. பாலாற்றங்கரைக் கிணறுகள் பாழானதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, சுற்றுச்சூழல் சட்டப் பாடங்களில் இன்றும் முதல் வரிசையில் இருக்கிறது. தொட்டிக்குள் இறங்கி நின்றவர்களின் கதை வேண்டுமென்றால் டி. செல்வராஜின் 'தோல்' நாவலைத் தேடிப் படிக்கலாம்; திண்டுக்கல் தோல்ஷாப் தொழிலாளர்களைப் பற்றியது, 2012-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கையுறையின் விலைச்சீட்டில் இதெல்லாம் அச்சாவதில்லை.

அணிபவருக்கு இதில் தெரிய வேண்டியது ஒன்று. மோசமான எண்ணெய் போட்டுப் பதனிட்ட தோலைச் சூட்டிலும் வெயிலிலும் காயவிட்டால், பாதுகாப்பான குரோமியத்தில் கொஞ்சம் ஆறு மின்சுமைக்கு மாறக்கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல், உடம்பில் படும் தோல் பொருள்களில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறது. புதுக் கையுறை போட்ட சில நாளில் உள்ளங்கை அரித்துச் சிவந்தால் அதை 'தோல் பழகவில்லை' என்று விட்டுவிடாதீர்கள்.

பொள்ளாச்சிக் கடையில் என்னிடம் ஒரு கையுறையைக் காட்டிய அண்ணாச்சி லைட்டரை எடுத்து அதன் ஓரத்தில் பிடித்தார். "ஒரிஜினல் லெதருங்க. பாருங்க, புடிக்கவே மாட்டேங்குது." உண்மைதான், பிடிக்கவில்லை. ஆனால் அந்தச் சோதனை சொல்வது மிகக் குறைவு. ஒரு தடித்த மாட்டுத்தோலைக் கிடைமட்டமாகப் பிளந்தால் மேல்பாதியில் மயிர்க்கண்கள் தெரியும் இறுக்கமான முகம் இருக்கும். கீழ்ப்பாதியில் அது இருக்காது, சொரசொரப்பான இழைகள்தான். அந்தக் கீழ்ப்பாதியின் மேல் பிளாஸ்டிக் பூச்சு பூசி, போலி மயிர்க்கண்கூட அச்சடித்துவிடுவார்கள். அதுவும் தோல்தான், அதுவும் லைட்டரில் பிடிக்காது. ஆனால் முகம் போன தோலுக்குக் கிழியாமல் தாங்கும் வலு குறைவு. விரலிடுக்கில் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். முகமும் இழையும் படிப்படியாக ஒன்றில் ஒன்று கரைந்திருந்தால் முழுத் தோல். மேலே கோடு போட்டதுபோலத் தனி ஏடு ஒன்று தெரிந்தால் பூச்சு. அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "அப்பிடிப் பாத்தா வெல ஜாஸ்தி ஆகுமுங்க" என்றார். அதுவும் உண்மைதான்.

இனி தையல். என் கையுறையில் தோல் பிழைத்துத் தையல் விட்டதைச் சொன்னேன். அது விதிவிலக்கு இல்லை. ஆஸ்திரேலியாவில், கான்பெரா பகுதியில், விபத்துக்குள்ளான 212 ஓட்டுநர்களின் உடைகளை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆய்வில், கையுறை போட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு போடாதவர்களோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவாக இருந்தது. கையுறை போடுகிறவர் பொதுவாகவே நிதானக்காரராக இருக்கலாம். அந்தக் கழிவைப் போட்டுத்தான் இதைப் படிக்க வேண்டும். அதே ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு எண். விபத்தில் சிக்கிய கையுறைகளில் நான்கில் ஒன்று கிழிந்தோ தேய்ந்தோ பிரிந்தோ தோற்றுப்போயிருந்தது. கடையில் வாங்கும்போது அவையும் அழகாகத்தான் இருந்திருக்கும்.

உள்ளங்கையில் ஒற்றைத் தையல் இருந்தால் வேண்டாம். இரண்டு வரித் தையல் வேண்டும். அதிலும் ஒரு வரி தோலின் மடிப்புக்குள் மறைந்து ஓட வேண்டும். வெளியே தெரிகிற வரி தேய்ந்துபோனாலும் உள்வரி பிடித்திருக்கும். சுண்டுவிரலின் வெளிப்பக்கத்தில் தையலே வராதபடி வெட்டியிருந்தால் இன்னும் நல்லது, அதுதான் தரையைத் தேடிப் போகிற பக்கம்.

ஐரோப்பாவில் பைக் கையுறைகளுக்கு இஎன் 13594 என்று ஒரு தரம் உண்டு. நம் கடைகளிலும் சில கையுறைகளின் உள்சீட்டில் பைக் ஓட்டும் ஆளின் படத்தோடு அந்த எண் இருக்கும். கீழே 1 அல்லது 2. ஓடும் உப்புத்தாள் பட்டையின் மேல் உள்ளங்கைத் துண்டை வைத்தால் ஓட்டை விழாமல் எத்தனை விநாடி தாங்குகிறது என்று பார்ப்பார்கள். முதல் நிலைக்கு 4 விநாடி, இரண்டாம் நிலைக்கு 8. மணிக்கட்டைத் தாண்டி 15 மில்லிமீட்டராவது மூட வேண்டும் என்பது முதல் நிலை, இரண்டாவதற்கு 50. கேபி என்ற எழுத்துகள் இருந்தால் விரல்முட்டிக் கவசமும் இடி தாங்கும் சோதனையில் தேறியிருக்கிறது. இரண்டாம் நிலைக்கு அது கட்டாயம். இந்தச் சீட்டு இல்லாமல் முட்டியில் கறுப்புப் பிளாஸ்டிக்கை ஒட்டியிருப்பதைக் கவசமென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விரலால் தட்டிப் பாருங்கள். அடியில் நுரைப்பட்டை இல்லாத கடின ஓடு, இடியை அப்படியே எலும்புக்குக் கடத்திவிடும்.

அந்தத் தரத்தில் நமக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. கையுறையைப் போட்டு, மணிக்கட்டுப் பட்டியை இறுக்கி ஒட்டிவிட்டு, நான்கு விரல் நுனிகளையும் இன்னொருவரைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால் அது சாலையிலும் கழன்று வரும். கையுறை மாட்டியிருந்தும் உள்ளங்கை உரிந்துபோனவர்கள் பலருக்கு நடந்தது இதுதான்.

வசதியைப் பலர் ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அது பாதுகாப்பின் பாதி. இறுக்கிப் பிடிக்கும், கை மரத்துப்போக வைக்கும் கையுறையை இரண்டாவது வாரம் வண்டியின் பெட்டிக்குள் போட்டுவிடுவோம். பெட்டிக்குள் இருக்கும் கையுறை எதையும் காப்பாற்றாது. விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முழங்கைக்குக் கீழே இருக்கின்றன. விரல்கள் நீண்ட நாண்களால் இழுக்கப்படும் பொம்மைகள். தடித்த கையுறையை மடக்குவதற்கு அந்தத் தசைகள் ஒவ்வொரு முறை கிளட்ச் பிடிக்கும்போதும் கூடுதலாக உழைக்க வேண்டும். நகர நெரிசலில் ஒரு மணி நேரம் போனால் முன்கை கடுக்கும். அதனால்தான் நல்ல கையுறை மேசையில் வைத்தாலும் விரல் மடங்கியே இருக்கும். கைப்பிடியைப் பிடித்த நிலைக்கு வளைத்துத் தைத்திருப்பார்கள். நேராகத் தட்டையாகக் கிடக்கும் கையுறை, மடக்கும்போது உள்ளங்கையில் சுருண்டு மேடாகும். அந்த மேடு உள்ளங்கை அடியில் ஓடும் நரம்பை அழுத்தும். மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போவது பெரும்பாலும் அதனால்தான். குஷன் வேண்டுமென்று ஜெல் திணித்ததை வாங்கினால் கைப்பிடி பருமனாகி, பிடிக்க இன்னும் அதிக விசை தேவைப்படும். இதிலும் அளவோடு நிற்பதே நல்லது.

உள்ளங்கைப் பக்கத்தில் மட்டும் சுமார் 17,000 தொடு உணரிகள் இருக்கின்றன. பிரேக் லீவர் எங்கே கடிக்கத் தொடங்குகிறது, டயர் எங்கே தடுமாறுகிறது என்பதையெல்லாம் கண்ணுக்கு முன் அவை அறிந்துவிடும். கையுறை அவற்றின் காதைப் பொத்தக் கூடாது. உள்ளங்கையில் தடிமன் வேண்டிய இடம் அடிமேடுகள் மட்டுமே. விரல்நுனிகளில் ஒற்றை அடுக்குத் தோலே போதும். அளவு பார்க்கும்போது கட்டைவிரலை விட்டுவிட்டு முட்டிகளைச் சுற்றி நூலால் அளந்துகொள்ளுங்கள். போட்டதும் விரல் நுனியில் ஒரு நெல்மணிக்கு மேல் இடம் மிஞ்சக் கூடாது. முடிந்தால் உங்கள் சொந்த வண்டியில் உட்கார்ந்து, பிரேக்கைப் பிடித்து, இண்டிகேட்டரைத் தட்டி, சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

'இந்த வெயிலில் தோல் கையுறையா?' இதை என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. கேள்வியில் நியாயம் இருக்கிறது, பாதி. உள்ளங்கை, உடம்பின் மற்ற இடங்களைப் போல வெயிலுக்காக மட்டும் வியர்ப்பதில்லை. பதற்றத்துக்கு வியர்க்கிறது. தேர்வு அறையில், நேர்காணலில், எதிரே லாரி வரும்போது. உடம்பில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. ஆகவே நாம் கையுறைக்குள் வியர்ப்பதை நிறுத்த முடியாது. வியர்வை ஆவியாக வழி விட வேண்டும். விரல்களின் மேற்பக்கத்திலும் பக்கவாட்டிலும் ஊசித்துளைகள் இருக்கட்டும், உள்ளங்கையில் வேண்டாம். துளையிட்ட தோல் தேயும்போது துளையிலிருந்து கிழியும். மற்ற பாதிக்கு வருவோம். தோலின் மேற்பரப்பு வெப்பம் 35 டிகிரிக்குப் பக்கத்தில். ஏப்ரலில் பாலக்காட்டுக் கணவாயில் காற்றே 40 டிகிரியைத் தொடும்போது, வெறுங்கையில் அடிக்கும் காற்று குளிர்விப்பதோடு சூட்டையும் ஏற்றுகிறது. அந்த நாட்களில் கை வியர்வையால் மட்டுமே ஆறும். துளையிட்ட மெல்லிய தோல் வியர்வையை ஒரேயடியாக உலரவிடாமல் மெதுவாக உலரவிடுகிறது. நேர் வெயிலையும் மறைக்கிறது. இரண்டு வாரம் போட்டுப் பார்த்தவர்கள் பிறகு கழற்றுவதில்லை.

மலை ஏறினால் கதை தலைகீழ். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்துக்குள் ஏறி மூணாறு போனால் 1,500 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொது விதி. ஜனவரி விடியலில் மூணாறில் 5 டிகிரி இருக்கும்போது 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால், திறந்த தோல் வெப்பம் இழக்கும் வேகம் உறைநிலைக்குச் சற்றுக் கீழே அசையாமல் நிற்பதற்குச் சமம். குளிரில் உடம்பு முதலில் கைவிடுவது விரல்களைத்தான், ரத்தக் குழாய்களைச் சுருக்கி ரத்தத்தை நெஞ்சுக்கு அனுப்பிவிடும். விறைத்த விரல் பிரேக்கைத் தாமதமாகப் பிடிக்கும். கோடைக்கு வாங்கிய துளைக் கையுறைக்குள் ஒரு மெல்லிய நூல் உறை போட்டுக்கொள்வது என் ஏற்பாடு. அதற்கான இடம் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடுவேன்.

மழையைவிட, நனைந்த பிறகு காயவைக்கும் விதம்தான் தோலுக்கு உண்மையான பகை. நனைந்த கையுறையை வண்டி என்ஜின் மேலோ வெயிலிலோ காயவைக்கிறார்கள். சூட்டில் குரோமியம் மாறுவதை மேலே சொன்னது நினைவிருக்கும். சூட்டில் தோலின் எண்ணெய் வெளியேறும், இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், காய்ந்ததும் அப்பளம்போல் விறைக்கும். வெறும் தண்ணீரில் வியர்வை உப்பைக் கழுவி, பிழியாமல், காகிதத்தை உள்ளே திணித்து, நிழலில் விட்டால் போதும். காய்ந்த பிறகு தோல் பராமரிப்புக்கான எண்ணெயை விரல் நுனியில் தொட்டுத் தடவலாம். தேங்காயெண்ணெய் வேண்டாம், பூஞ்சணம் பூக்கும்.

அந்தப் பழைய கையுறையை நான் தூக்கிப்போடவில்லை. ஊரில் செருப்புத் தைக்கும் பெரியவர் மெழுகு நூலில் இரண்டு வரி போட்டுத் தைத்துக்கொடுத்தார். "இனி ரோட்டுக்கு வேண்டாம், தோட்டத்துக்கு வெச்சுக்குங்க" என்று அவரே சொன்னார். தேய்ந்த இடத்தில் தோல் பாதி தடிமன்தான் இருந்தது, கட்டைவிரலால் அழுத்தியே கண்டுபிடித்துவிட்டார். புதிய ஜோடிக்குச் சுண்டுவிரல் மேட்டில் இரண்டு அடுக்கு. ஆடி மாதத்தில் கணவாய் வழியாக மேற்குக் காற்று வீசத் தொடங்கியதும், நனைந்த புது ஜோடியைத் திண்ணை ஆணியில் மாட்டிவிடுவேன். இரண்டு நாளில் உலர்ந்துவிடும். பக்கத்து ஆணியில் மண் ஒட்டிய பழைய ஜோடி தொங்கும், இடது உள்ளங்கையில் அந்த ஒரு ரூபாய் வட்டத்தோடு.